அண்ணாவியாரும் நெறியாளரும்

நாடகம் பார்த்துவிட்டு வருகின்ற ஒருவரை வழியிலே நிறுத்தி, "யார் யார் நடித்தார்கள்?" என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். "எழுதியவர் யார்?" என்றால் சற்று யோசித்தாவது சொல்லுவார். "நெறிப்படுத்தியவர் யார்?" என்று கேட்டுவிட்டாலோ பெரும்பாலும் ஒரு புன்னகைதான் விடையாக வரும். நடிகனைக் கண் காண்கிறது. ஆசிரியன் பெயர் நூலின் முகப்பில் நிற்கிறது. நெறியாளனோ திரை விலகுகிற வேளையில் தன் தொழிலை முடித்துக்கொண்டு இருளில் ஒதுங்கிவிடுகிறவன். அவனுடைய கலை பிறருடைய உடம்பிலும் குரலிலும் கரைந்து கிடப்பது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேல்நாட்டு நாடக உலகம் இந்த ஒதுங்கி நிற்பவனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க நாட்டிலே எலியா கசான் என்பவர் 1947ஆம் ஆண்டில் தென்னசி வில்லியம்சின் நாடகமொன்றையும், 1949ஆம் ஆண்டில் ஆர்தர் மில்லர் எழுதிய விற்பனையாளன் ஒருவனது மரணம் பற்றிய நாடகத்தையும் மேடையேற்றியபோது, நாடகாசிரியரோடு ஒப்ப நெறியாளரும் பேசப்பட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் நம் நாட்டிலும் ஒருவர் இத்துறையில் இறங்கினார். அவருக்கு இருந்த சிக்கல் வேறு. கசானுடைய கையில் புதிதாக எழுதப்பட்ட நாடகங்கள் இருந்தன. நம்மவர் கையில் எடுத்ததோ, ஏற்கெனவே தனக்கென ஒரு நெறியாளனைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்றிருந்த ஒரு கலை. அந்த நெறியாளனுக்கு அண்ணாவியார் என்று பெயர். அவரை என்ன செய்வது? விலக்கிவிடுவதா, பக்கத்தில் அமர்த்திக்கொள்வதா? பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களின் நாடக வாழ்வை இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பேராசிரியரிடம் போவதற்கு முன்னால் அண்ணாவியாரைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு என் ஊருக்கு வரவேண்டும்.

நான் பிறந்த ஊர் கிளிவெட்டி. திருக்கோணமலைத் துறைமுகத்தில் இயந்திரப் படகேறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து, மூதூரிலே இறங்கி, வயல்வெளிகளினூடாகத் தெற்கே உள்நாட்டுக்குச் சென்றால் வருகின்ற வேளாண்மைக் கிராமம் அது. கடலின் இரைச்சல் கேளாத தொலைவு. ஆனாலும் உலகத்திலிருந்து எங்களுக்கு வரவேண்டியவை எல்லாம் அந்தத் துறைமுகத்தின் வழியாகவே வந்தன. கூத்து மட்டும் வேறு வழியாக வந்தது. தெற்கே வெருகல் ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு நாடு. அங்கிருந்து அண்ணாவிமார் வருவதும், எங்கள் பக்கத்து அண்ணாவிமார் அங்கே போய்ப் பழகிவருவதும் வழக்கமாக இருந்தன. என் பெரியப்பாவும் அவ்வாறு பழகிவந்த ஓர் அண்ணாவியார்.

கூத்தொன்று ஊரில் எடுபடுவது சிறிய காரியமன்று. முதலில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, எந்தக் கூத்து என்று முடிவு செய்வார்கள். பிறகு சட்டம் கொடுத்தல். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து, அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டை வெற்றிலை பாக்கோடு கொடுப்பது அந்தச் சடங்கு. அதன் பின்னர் மாதக்கணக்கில் இரவு தோறும் ஆட்டம் பழக்குவார்கள். இடையிடையே கிழமைக் கூத்து என்று ஆடிப்பார்ப்பார்கள். காலிலே சதங்கை கட்டுவதற்குத் தனியாக ஒரு விழா. பின்னர் அடுக்குப் பார்த்தல். இவையெல்லாம் நிறைவேறிய பின்னரே அரங்கேற்றம். பகலெல்லாம் வயலில் நின்ற கால்கள் இரவில் தாளக்கட்டுக்கு மிதிக்கும். பகலில் ஏர்பூட்டிய ஒருவர் இரவில் வீமனாகிவிடுவார். ஊரிலே சில காலம் அவரை வீமன் என்றே அழைப்பதும் உண்டு.

களரி என்பது மண்ணைக் கூட்டி உயர்த்தி வட்டமாக அமைத்த மேடை. மேலே வெள்ளை கட்டியிருக்கும். சுற்றிலும் நட்ட வாழைக்குற்றிகளின் மேல் விளக்கு எரியும். பெற்றோல்மாக்சு வந்த பிறகு அதுவும் இரண்டு தொங்கியது. சனங்கள் நாற்புறமும் பாய் விரித்து இருப்பார்கள். வடமோடி என்றால் கரப்புடுப்பும் கனத்த முடியும் தரித்த அரசர்கள் வருவார்கள். போரும் வீரமும் மேலோங்கி நிற்கும். தென்மோடியில் உடை வேறு, ஆட்ட நுணுக்கம் வேறு, பாட்டை இழுக்கும் முறையும் வேறு. ஒவ்வொரு பாத்திரமும் முதன்முதல் களரிக்கு வரும்போது ஆடுகின்ற வரவாட்டம் நெடுநேரம் செல்லும். ஆடுகிறவர் பாடிய தருவைப் பின்னால் நிற்பவர்கள் பிற்பாட்டாகத் திரும்பவும் பாடுவார்கள். இரவு தொடங்கிய கூத்து, கிழக்கு வெளுக்கும் வேளையில் வாழி பாடி முடியும். சிறுபிள்ளைகள் நடுவில் உறங்கி, போர் வருகிறபோது எழுப்பச் சொல்லி வைத்திருப்பார்கள். நானும் அவ்வாறு சொல்லிவைத்து உறங்கியவன்தான்.

இவ்வளவுக்கும் நடுநாயகமாக நிற்பவர் அண்ணாவியார். நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் ஓரத்தில் நிற்பவரல்லர். திரைக்குப் பின்னால் மறைபவரும் அல்லர். இடுப்பிலே மத்தளத்தைக் கட்டிக்கொண்டு களரிக்குள்ளேயே நிற்பார். ஆடுகிறவனின் காலைப் பார்த்தபடி, அவன் நகர்கிற திசைக்குத் தானும் நகர்வார். ஆட்டம் தளர்கிறதென்று கண்டால் மத்தளத்தை முறுக்குவார். பாட்டு மறந்தால் அடியெடுத்துக் கொடுப்பார். ஆக, மேல்நாட்டு நெறியாளன் திரை விலகியதும் மறைந்துவிட, நம் அண்ணாவியார் அரங்கேற்ற இரவில்தான் முழு வேலையில் இருக்கிறார்.

இத்தனை சிறப்பும் ஊருக்குள்ளே மட்டுந்தான். ஊருக்கு வெளியே, படித்தவர் நடுவிலே, கூத்தாடி என்பது ஒரு வசைச்சொல். ஆங்கிலம் படித்த வீட்டுப் பிள்ளை களரியில் ஏறினால் அது குடும்பத்துக்கு இழுக்கு. நகரங்களில் நாடகம் என்றால் திரைச்சீலையும் ஆர்மோனியமும் கொண்ட இசை நாடகம், அல்லது சபாக்கள் போட்ட சமூக நாடகம். கூத்து என்பது எழுத்தறியாதவர்களின் இராப்பொழுதுபோக்கு என்றே எண்ணப்பட்டது.

இந்த எண்ணத்தை உடைத்தவர் பிறந்தது யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் பகுதியிலுள்ள வீமன்காமம் என்னும் ஊரில், 1924ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி. அவர் கூத்துக் குடும்பத்தில் பிறந்தவரல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் படித்தது தமிழிலக்கியம். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இலண்டன் சென்று, பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950ஆம் ஆண்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1954இல் அவர் வெளியிட்ட 'தமிழர் சால்பு' சங்ககாலத் தமிழரின் பண்பாட்டை விரிவாக ஆராய்கின்ற நூல். இத்தகைய புலமையாளர் ஒருவர் ஏட்டோடும் அகராதியோடும் காலத்தைக் கழித்திருந்தாலும் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

அவரை நாடகத்தின் பக்கம் திருப்பியவர் அவருடைய ஆசிரியர், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தவர். 'நானாடகம்' என்ற தொகுதியிலுள்ள அவருடைய நாடகங்களில் உடையாரும் கிராமத்து மக்களும் தத்தம் வாய்மொழியிலேயே பேசுவதைக் காணலாம். ஆசிரியர் எழுத, மாணவர் மேடையேற்ற என்று அந்தக் கூட்டு வளர்ந்தது. நடிகனை நிறுத்துவது, நகர்த்துவது, ஒரு சொல்லைத் தாழ்த்திச் சொல்லவைப்பது என்ற நெறியாளனின் பாலபாடங்களை வித்தியானந்தன் அங்கேதான் கற்றார். இந்த நாடகங்கள் பற்றியே தனியாக ஒரு பேச்சு நிகழ்த்தலாம், இன்று நேரமில்லை.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்கு அவர் தலைவரானார். பதவி என்று பார்த்தால் அது ஒரு குழுவின் தலைமைதான்; சம்பளமில்லை, பெரிய அதிகாரமுமில்லை. ஆனால் அதை ஏற்றுக்கொண்டு அவர் செய்தது, பேராதனையிலிருந்து புறப்பட்டு ஊர் ஊராகப் போனது. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்துகளைப் பார்த்தார். கூத்துப் போட்டிகளை நடத்தினார். அண்ணாவிமாரை மாநாடு கூட்டி, மேடையில் அமர்த்தி, பொன்னாடை போர்த்திக் கௌரவித்தார். அவர்களுடைய வீட்டுப் பரண்களில் கிடந்த ஏடுகளையும் கொப்பிகளையும் தேடியெடுத்து அச்சேற்றினார். மன்னார்க் கத்தோலிக்க மரபிலே ஆடப்பட்ட 'எண்டிறீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்' முதலான நாடகங்கள் நூலுருவம் பெற்றது இந்த முயற்சியினால். ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் தன் வீட்டு வாசலில் வந்து நின்று, "உங்கள் கொப்பியை நான் பார்க்கலாமா?" என்று கேட்டது ஓர் அண்ணாவியாருக்கு எத்தகைய செய்தியாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இதே காலத்தில், அதே பேராதனையில், இன்னொரு நிகழ்ச்சி நடந்தது. சிங்கள நாடகத்துக்குத் தனியுருவம் தேடிக்கொண்டிருந்த பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் 'மனமே' நாடகத்தை அரங்கேற்றினார். அதன் ஆட்டமும் பாட்டும் சிங்கள நாடகம் என்னும் கிராமியக் கூத்து வடிவத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அதனை மாணவர்களுக்குப் பழக்கியவர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் கிராமத்துக் கலைஞர். அந்தச் சிங்கள வடிவத்தின் வேரோ தமிழ்க் கூத்திலே இருக்கிறது. இதைச் சரச்சந்திர அவர்களே தம் ஆராய்ச்சியில் எடுத்துக்காட்டியவர். கிளை அங்கே பூத்துக் குலுங்குகிறது. அடிமரமோ இங்கே கவனிப்பாரற்று நிற்கிறது. அந்த ஆண்டு, தனிச்சிங்களச் சட்டம் வந்த ஆண்டு என்பதையும் மறந்துவிட முடியாது. தமிழர் தமக்குரியது எது என்று தேடத் தொடங்கிய காலம் அது. வித்தியானந்தன் அவர்களின் முயற்சிக்கு 'மனமே' ஒரு தூண்டுகோலாயிருந்தது என்பதில் ஐயமில்லை. இருவரும் ஒரே வளாகத்தில் கற்பித்தவர்கள். ஒருவர் குருன்னான்சேயை அழைத்து வந்தார். மற்றவர் அண்ணாவியாரை அழைத்து வந்தார்.

அவ்வாறு அழைத்து வரப்பட்டவர் மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். பல்கலைக்கழக மாணவர்களுக்கு அவர் ஆட்டம் பழக்க, 1962ஆம் ஆண்டில் 'கர்ணன் போர்' வடமோடிக் கூத்து மேடையேறியது. அதன் பின் 1963இல் தென்மோடியில் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', 1968இல் 'வாலிவதை'. எண்ணிக்கையில் நான்குதான். ஒரு நெறியாளரின் பெயர் நிலைப்பதற்கு இவை போதுமா என்று கேட்கலாம். போதும் என்பதே என் எண்ணம். அதற்குக் காரணம், அவர் வடிவத்தில் செய்த வேலை.

முதலாவது, நேரம். இரவு முழுவதும் ஆடப்படுவதை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கினார். வரவாட்டங்களைச் சுருக்கினார். தருக்களைத் திரும்பத் திரும்பப் பாடுவதைக் குறைத்தார். கதைக்கு வேண்டாத கிளைகளை வெட்டினார். வெட்டுவதற்குக் கத்தி வைத்திருப்பவர் எவராலும் முடியும்; எதை விடுவது என்று அறிவதில்தான் திறமை இருக்கிறது. தாளக்கட்டுகளில் மிகச் சிறந்தவற்றை அவர் விடவில்லை. ஆடுகிறவனே பாடவேண்டும் என்ற மரபையும் விடவில்லை.

இரண்டாவது, இடம். வட்டக்களரிக்கு முன்புறம், பின்புறம் என்று இல்லை. நாற்புறமும் ஆட்கள் இருப்பதனால் ஆடுகிறவன் நாற்றிசைக்கும் ஆடுவான். நகரத்து மண்டபத்து மேடையோ ஒருபுறம் மட்டும் திறந்த பெட்டி. அங்கே களரி ஆட்டத்தை அப்படியே ஆடினால் பாதி நேரம் சபையினர் நடிகனின் முதுகைத்தான் பார்ப்பார்கள். ஆகவே ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒருமுகமாகத் திருப்ப வேண்டும்; இருவர் போரிடும்போது இருவரும் தெரியும்படி சாய்வாக நிறுத்த வேண்டும்; ஒளியை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். இவற்றை மேடைக்குள் மத்தளத்தோடு நிற்பவரால் செய்ய இயலாது. சபையினர் இருக்கும் இடத்திலே ஒருவர் போயிருந்து பார்த்தாக வேண்டும். அந்த நாற்காலியில் வித்தியானந்தன் இருந்தார். நெறியாளர் என்னும் புதிய ஆள் கூத்துக்குத் தேவைப்பட்டது இந்த இடத்திலேதான். ஆட்டத்தை அண்ணாவியார் பழக்கினார். அது எவ்வாறு தென்படுகிறது என்பதைப் பேராசிரியர் பார்த்தார். ஒருவரை ஒருவர் விலக்கவில்லை.

மூன்றாவது, ஆடியவர்கள். இதை நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன். சட்டத்தரணிகளாகவும் நிருவாக அதிகாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் வரவேண்டியவர்கள் காலிலே சதங்கை கட்டினார்கள். ஊர்க் கூத்தில் இன்ன வீட்டார்க்கு இன்ன பாத்திரம் என்று சாதியும் குடியும் குறுக்கிடுவது உண்டு. பேராதனையில் பல மாவட்டத்து, பல குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே மேடையில் நின்றார்கள். பெண் வேடத்தை ஆண்களே தாங்கிவந்த கலையில் மாணவிகளும் சேர்ந்து ஆடினார்கள். கூத்தாடி என்ற வசைச்சொல்லின் நஞ்சை நீக்கியது மேடைப்பேச்சு அன்று, இந்தக் காட்சிதான்.

நான்கு கூத்துகளில் 'இராவணேசன்' தனித்து நிற்பது. இது புதிதாக எழுதப்பட்டது. எழுதியவர் அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுரு. மட்டக்களப்பைச் சேர்ந்த அவர் வந்தாறுமூலைப் பாடசாலையிலேயே கூத்தோடு உறவு கொண்டவர். இராவணனாக ஆடியவரும் அவரே. மரபுக் கூத்திலே வீரன் வீரனாகவே வருவான், வீரனாகவே சாவான். மனத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று கூத்து நின்று பார்ப்பதில்லை. 'இராவணேசன்' நின்று பார்த்தது. மைந்தனை இழந்தவன், தம்பியை இழந்தவன், மண்டோதரி தடுத்தும் தோல்வி தெரிந்தும் களம் புகுகின்ற ஒருவன் என்று அந்தப் பாத்திரம் வளர்ந்தது. வடமோடி ஆட்டத்தின் வேகம் வீரத்தை மட்டுமன்றித் துயரத்தையும் சுமக்கக்கூடியது என்று அப்போது தெரிந்தது.

அந்தக் கூத்தை நான் நகரத்து மண்டபம் ஒன்றிலே பார்த்தேன். எனக்கு அப்போது இருபது வயதளவில் இருக்கும். பெரியப்பாவையும் வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தேன். அவர் வேட்டியைச் சீராக உடுத்திக்கொண்டு, நாற்காலியின் நுனியில், கோயிலில் இருப்பவர்போல இருந்தார். முழுவதும் ஒரு சொல் பேசவில்லை. முழங்காலில் விரல்கள் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. திரை விழுந்து, விளக்குகள் எரிந்து, சனங்கள் எழும்பியபோது என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"என்ன மகன், விடிய இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு! அதுக்குள்ள இராவணனை முடிச்சுப் போட்டாங்களே?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து நடக்கையில் ஒவ்வொன்றாகச் சொன்னார். பிள்ளைகளின் காலில் பிழையில்லை என்றார். சொல் தெளிவு எங்கள் ஊர்க் கூத்துக்காரரைவிட மேல் என்றார். இராவணனுடைய கடைசி ஆட்டத்தைப் பற்றிப் பேசுகையில் குரல் சற்றுத் தாழ்ந்தது. பிறகு, நெடுநேரம் கழித்து, "மத்தளகாரரை ஏன் ஓரத்தில இருத்திப் போட்டாங்க?" என்று கேட்டார். "அங்க இருந்தா ஆடுறவன்ட கால் எப்படித் தெரியும்? ஆடுறவனுக்கு மத்தளம் பின்னால நிக்கவேணும். அவனுக்கு அது துணை."

நேயர்களே, பின்னாளில் அறிஞர்கள் பலர் இம்முயற்சி பற்றி எழுதியவற்றை நான் படித்திருக்கிறேன். கூத்து ஒரு சமூகத்தின் சடங்கு, அதனை ஊரிலிருந்து பெயர்த்தெடுத்து நகரத்தார் சுவைக்கும் காட்சியாக ஆக்கிவிட்டார்கள் என்று குறை கூறுவாருளர். அதிலே நியாயம் இல்லாமலில்லை. மாதக்கணக்கில் ஓர் ஊரே கூடி ஆக்குவதற்கும், நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்ப்பதற்கும் இடையே உள்ள தூரம் சிறிதன்று. ஆயினும் அக்குறைகள் எல்லாவற்றுக்கும் முன்னதாக, அந்த இரவிலே, படிப்பறிவு குறைந்த ஓர் அண்ணாவியார் சொன்ன அந்த ஒற்றைக் கேள்வியே எனக்குக் கூரியதாகப் படுகிறது. நெறியாளர் நாற்காலியில் வந்து அமர்ந்ததற்குக் கூத்து கொடுத்த விலை, மத்தளம் ஆடுகிறவனின் முதுகிலிருந்து நகர்ந்தது. அவன் தனித்து நிற்கிறான். அதனாலேயே இராவணனின் தனிமை நமக்குப் புலப்பட்டதோ என்றும் சிலவேளை நினைப்பதுண்டு. அவ்வாறாயின் இழப்பும் பேறும் ஒரே செயலில் பிறந்தவை.

'வாலிவதை'க்குப் பின்னர் பேராசிரியரின் வாழ்வு வேறு திசையில் சென்றது. 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்தியவர் அவர். அதன் இறுதி நாளில் உயிர்கள் பறிபோன துயரம் யாவரும் அறிந்தது. 1977இல் யாழ்ப்பாண வளாகத்தின் தலைவரானார். 1979ஆம் ஆண்டு அது தனிப் பல்கலைக்கழகமானபோது அதன் முதலாவது துணைவேந்தர் என்ற பெருமை அவருக்குரியதாயிற்று. மிகக் கொடிய ஆண்டுகள் அவை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983இன் பின் போர் மூண்டது. அத்தகைய காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடர்ந்து நடத்தியதே பெரிது. 1989 சனவரியில் அவர் காலமானார்.

அவர் ஊன்றியது அவரோடு நின்றுவிடவில்லை. மௌனகுரு 1969இல் 'சங்காரம்' என்னும் நாடகத்திலே கூத்தின் ஆட்டத்தைக் கொண்டு சமூக ஒடுக்குமுறையைப் பேசினார். பின்னர் கூத்தையே ஆராய்ந்து கலாநிதியாகி, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகம் அமைந்திருப்பது வந்தாறுமூலையில். செல்லையா அண்ணாவியார் பேராதனைக்குப் போனார். பல்கலைக்கழகம் அவருடைய ஊருக்கு வந்தது. 'இராவணேசன்' அங்கே புதிய மாணவர்களைக் கொண்டு பலமுறை திரும்பவும் ஆக்கப்பட்டது. அவருக்கும் பின்வந்த சி. ஜெயசங்கர் போன்றோர் வேறொரு வழியைத் தேர்ந்தார்கள்: கூத்தை மேடைக்குக் கொண்டுபோகாமல், மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊராரோடு இருந்து, களரியிலேயே வைத்து, கதையில் கேள்விக்குரியவற்றை அவர்களோடு பேசி மாற்றுவது. வித்தியானந்தனுக்கு எதிரான வழி என்று இதனைச் சிலர் சொல்லுவர். அண்ணாவியாரின் வாசலில் முதலில் போய் நின்றவர் யார் என்று பார்த்தால் இரண்டும் ஒரே படியில் தொடங்குவதை உணரலாம்.

எங்கள் பகுதியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கொட்டியாரப்பற்று மக்கள் 1985இலும், 1990இலும், 2006இலும் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடியது எது? பிள்ளை, அரிசி, காணி உறுதி. கூத்துக் கொப்பியை எவரும் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லவும் எவருக்கும் வாய் வராது. பெரியப்பாவின் கொப்பிகள் கூரையோடு போயின. முடிகளும் மத்தளமும் அவ்வாறே. அவர் பழக்கிய கூத்துகளில் அச்சேறியவை எவை என்று நான் பிற்காலத்தில் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. மன்னாரிலும் மட்டக்களப்பிலும் ஏடு தேடிய அந்தக் கைகள் எங்கள் மூலைக்கு வந்து சேர்வதற்குள் காலம் முடிந்துவிட்டது. பேராசிரியர் அச்சேற்றிய நூல்களை இன்று புரட்டுகிறபோது எனக்கு முதலில் தோன்றுவது அவற்றின் ஆராய்ச்சி முன்னுரைகள் அல்ல. அவை எரியாமல் இருக்கின்றன என்பதுதான்.

பெரியப்பாவைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்றிரவு கூத்துப் பார்த்து, மறுநாள் ஊருக்குத் திரும்பினோம். வெருகலுக்குப் பாலம் வராத காலம் அது. பாதையிலே ஏறித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். பாதை அக்கரை சேரும்வரை அவர் கம்பியில் விரலால் ஏதோ ஒரு தாளக்கட்டைத் தட்டிக்கொண்டு வந்தார். தட்டுவார், நிறுத்துவார், திரும்பவும் முதலிலிருந்து தட்டுவார். ஒவ்வொரு முறையும் அது சிறிது குறுகுவதாக எனக்குப் பட்டது. கேட்டேன், பதில் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அறுவடை முடிந்து ஊரில் கூத்து ஏறியது. வழக்கமான வட்டக்களரி, வழக்கமான வாழைக்குற்றி விளக்குகள். பெரியப்பா மத்தளத்தோடு ஆடுகிறவனின் பின்னாலேயே நின்றார். தருமரின் வரவாட்டத்தில் ஒரு சுற்று இல்லை என்பதை நான் கவனித்தேன். வீமன் வரவிலும் ஒன்று குறைந்தது. போருக்கு எழுப்பச் சொல்லி உறங்கிய பிள்ளைகளை அவர்களின் தாய்மார் அவசர அவசரமாகத் தட்டி எழுப்பினார்கள். வாழி பாடி முடிந்தபோது மணி நான்கு. கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. சனங்கள் பாயைச் சுருட்டாமல் சிறிது நேரம் அப்படியே இருந்தார்கள். பெரியப்பா மத்தளத்தை அவிழ்த்துத் துணியால் மூடிக்கொண்டு, எவர் முகத்தையும் பாராமல், வீட்டுக்கு நடந்துபோனார்.